வீ யூ கேம்பேடை இப்போது எடை போட்டால்: இரண்டாவது திரை யாருக்காக?

கட்டைவிரல்

நின்டெண்டோவின் வீ யூ கேம் பெட்டியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "அது ஃப்ளாப்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விற்பனைக் கணக்கில் அதை மறுக்க முடியாது. அதற்கு முந்தைய வீ 10 கோடிக்கு மேல் போனது, பின்னால் வந்த ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது, நடுவில் மாட்டிய இது மட்டும் 1 கோடியே 35 லட்சம் சொச்சத்தோடு நின்றுவிட்டது. 2012 நவம்பரில் வந்து 2017 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. 2023 மார்ச்சில் ஈஷாப் என்ற ஆன்லைன் கடையை மூடினார்கள், 2024 ஏப்ரலில் ஆன்லைன் ஆட்டமும் போயிற்று. இனி அதில் புதிதாக எதுவும் வரப்போவதில்லை என்பதால் நிதானமாகத் தீர்ப்புச் சொல்லலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பெயர்க் குழப்பம், விளம்பரச் சொதப்பல், ஈஏ மாதிரி வெளிக் கம்பெனிகள் கைகழுவியது, இதெல்லாம் பேசித் தேய்ந்த விஷயங்கள். எனக்குப் பேச வேண்டியது கேம்பேட் என்ற அந்தத் தொடுதிரை கன்ட்ரோலரைப் பற்றி மட்டும். 6.2 அங்குலத் திரை, நடுவில். இருபுறமும் ஸ்டிக், பட்டன்கள். அந்தத் திரை ஆட்டத்துக்கு எதைக் கொடுத்தது, எதைக் கெடுத்தது?

என் கட்சி இதுதான்: ஒரே ஆளுக்கு இரண்டு திரை கொடுத்தால் ஒன்று எப்போதும் வீண். நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான டிஎஸ்ஸில் இரண்டு திரை வேலை செய்தது, ஏனென்றால் இரண்டும் ஒரு விரற்கடை தூரத்தில் மேலும் கீழுமாக இருந்தன, பார்வை நகர்ந்தால் போதும். இங்கே டிவி எட்டடி தள்ளி, கேம்பேட் மடியில். தலையைக் குனிந்து, கண்ணைக் கிட்டத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப நிமிர்வதற்குள் டிவியில் ஆள் செத்திருப்பான். அதே இரண்டு திரையை இரண்டு பேருக்குக் கொடுத்தால் கதையே வேறு. நின்டெண்டோ இதை 2012-லேயே நின்டெண்டோ லேண்ட் என்ற ஆட்டத் தொகுப்பில் காட்டிவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு இருக்கிற கோபம் அதுதான்.

மாற்றுக் கருத்து இருந்தால் வாருங்கள். "கிராபிக்ஸ் மட்டம்" என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போங்கள்.

அரைடிக்கெட்

கிராபிக்ஸ் மட்டம்.

(சும்மா. தொடருங்கள்.)

வன்பொருள்வாசு

கட்டைவிரல் அண்ணே, நீங்கள் திரையைத் திட்டுவதற்கு முன்னால் அதற்குப் பின்னால் இருந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டிருக்க வேண்டும். கேம்பேடுக்குள் ஆட்டத்தை ஓட்டுகிற மூளை எதுவும் கிடையாது. படத்தைப் பெட்டிதான் வரைகிறது, அதை வீடியோவாகச் சுருக்கி, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நேராகக் கேம்பேடுக்கு அனுப்புகிறது, அது பிரித்துக் காட்டுகிறது. இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத தாமதத்தில். அந்தக் காலத்து டிவிகள் பல, படத்தை அழகுபடுத்துகிறேன் என்று உள்ளே உருட்டிக்கொண்டிருந்ததில், கேம்பேடில் படம் டிவியைவிட முந்தி வந்துவிடும். இரண்டையும் அருகருகே வைத்து மரியோவைக் குதிக்க வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2012-ல் வீட்டுக்குள் வீடியோ அனுப்புவது என்றாலே திக்கித் திக்கித்தான் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை எங்கே என்றால், திரை 854 க்கு 480. ஒரு விரல் மட்டும் புரிகிற, அழுத்தத்தில் வேலை செய்கிற பழைய வகைத் தொடுதிரை. அதே மாதம்தான் ஐபேட் மினி கடைக்கு வந்தது. அதைத் தொட்டுப் பழகிய பிள்ளை கேம்பேடைத் தொட்டதும் இரண்டு விரலால் படத்தை விரிக்கப் பார்க்கும், ஒன்றும் நடக்காது, முகம் சுருங்கிவிடும். பேட்டரி 1500 மில்லி ஆம்பியர், மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். உள்ளே இடம் தாராளமாக இருந்தும் சின்ன பேட்டரியை வைத்தார்கள், அப்புறம் 2550 வகையைத் தனியாக விற்றார்கள். இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ.

இன்னொரு விஷயம். முதலில் இரண்டு கேம்பேட் வரை இணைக்கலாம் என்று சொன்னார்கள், ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 30 படம் வீதம் பிரித்துக் கொடுத்து. அதைப் பயன்படுத்திய ஆட்டம் ஒன்றுகூட வரவில்லை. உங்கள் "இரண்டு பேர் இரண்டு திரை" வாதத்துக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இலவசம்.

ரெண்டாம்பிளேயர்

நான் வீட்டில் கடைக்குட்டி, வாழ்நாள் முழுக்க இரண்டாவது கன்ட்ரோலர்தான் (பேட்டரி செத்தது). ஆகவே இந்த இழையில் பேச எனக்கு முழு உரிமை உண்டு.

நின்டெண்டோ லேண்டில் மரியோ சேஸ் ஆடாதவர்கள் கேம்பேடைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டமே போடலாம். ஒருவர் கேம்பேடை வைத்துக்கொண்டு ஓடுகிறார், அவர் திரையில் மேலிருந்து பார்க்கிற வரைபடமும் யார் எங்கே துரத்தி வருகிறார்கள் என்பதும் தெரியும். மற்றவர்கள் வீ ரிமோட்டை (பழைய வீயின் கன்ட்ரோலர்) படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு டிவியைப் பார்த்துத் துரத்துகிறார்கள், அவர்களுக்கு வரைபடம் கிடையாது, மரியோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற எண் மட்டும்தான். மைதானத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம். அப்புறம் ஒரே கூச்சல்தான். "நீலத்துல இருக்கான், நீலத்துல இருக்கான்!", "ஏய் மஞ்சளை விட்டு நகராதே!". இரண்டரை நிமிடம் தப்பித்தால் ஓடியவர் ஜெயித்தார்.

இதில் ஒரு குசும்பு உண்டு. கேம்பேடின் முன்பக்கக் கேமரா ஓடுகிறவரின் முகத்தை டிவியில் காட்டிக்கொண்டே இருக்கும். என் அக்கா ஓடும்போது மாட்டப்போகிறாள் என்றால் உதட்டைக் கடிப்பாள், அதை டிவியில் பார்த்தே நாங்கள் வளைத்துவிடுவோம். அதே அக்காதான் அப்புறம் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டாள்.

லூயிஜி பேய் மாளிகையும் இதே வகைதான். பேயாக இருக்கிறவருக்குக் கேம்பேடில் எல்லாம் தெரியும், டிவியில் பேய் தெரியாது. கிட்டத்தில் வந்தால் நம் கையில் ரிமோட் நடுங்கும், அதுதான் ஒரே துப்பு. யார் ரிமோட் நடுங்குகிறதோ அவர் கத்த வேண்டும். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரிடமிருந்து இன்னொருவர் ரகசியம் வைக்க முடிந்தது என்பதுதான் அந்தத் திரை கொடுத்த வரம். ஸ்விட்ச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒற்றைப் பெட்டியில் இதைச் செய்ய முடியாது.

ஆகவே கட்டைவிரல் சொல்வதோடு நான் உடன்படுகிறேன். ஒரு ஆட்சேபம் மட்டும்: இதற்கு நான்கைந்து பேர் ஒரே அறையில் கூட வேண்டும். அது எத்தனை வீட்டில் தினமும் நடக்கும்? விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே எடுக்கிற பொருளுக்கு 350 டாலர் யார் கொடுப்பார்கள்?

சாம்பல்நரி

ஒரு ஆளுக்கு இரண்டு திரை வீண் என்று அடித்துச் சொல்கிறவர்கள் ஸோம்பியூ ஆடியிருக்க மாட்டார்கள். யூபிசாஃப்ட் முதல் நாளே கொண்டுவந்த ஆட்டம், லண்டன் நகரம், எங்கு பார்த்தாலும் நடைபிணங்கள். மற்ற ஆட்டங்களில் பையைத் திறந்தால் உலகம் அப்படியே நின்றுவிடும், நிதானமாக மருந்தைத் தேடலாம். இதில் நிற்காது. பை கேம்பேடில் திறக்கும், டிவியில் நம் ஆள் மண்டியிட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருப்பது தெரியும். நீங்கள் குனிந்து விரலால் கட்டையையும் துப்பாக்கியையும் இடம் மாற்றிக்கொண்டிருக்கும்போது டிவி ஸ்பீக்கரில் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்கும். நிமிர்ந்து பார்ப்பதா, கையில் இருக்கிற வேலையை முடிப்பதா? அந்த அரை நொடித் தவிப்புதான் ஆட்டமே. கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள், அவர்கள் அதையே பயமாக மாற்றினார்கள்.

சான்று வேண்டுமா? 2015-ல் அதே ஆட்டத்தை பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசிக்குக் கொண்டுபோனார்கள். பை டிவித் திரைக்குள்ளேயே வந்துவிட்டது. நான் இரண்டையும் ஆடினேன். பிணங்கள் அதே பிணங்கள், வியர்வை மட்டும் வரவில்லை.

கருவியைக் குறை சொல்லாதீர்கள். யோசித்துச் செய்தவர்கள் கொஞ்சப் பேர், அவ்வளவுதான்.

கட்டைவிரல்

சாம்பல்நரி, ஸோம்பியூவை நானும் ஆடியிருக்கிறேன், அது பிரமாதம் என்பதில் சந்தேகமேயில்லை. ஆனால் அந்த உத்தி பயமுறுத்துகிற ஆட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். கண்ணை எடுத்தால் ஆபத்து என்பது வண்டி ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்கிற மாதிரி, திகில் வேண்டுமென்றால் சரி, பந்தயம் ஓட்டவோ தீவு தீவாகச் சுற்றவோ எதற்கு?

நின்டெண்டோ தானே என்ன செய்தது என்று பாருங்கள். மரியோ கார்ட் 8-ல் கேம்பேடில் என்ன? ஒரு பெரிய ஹாரன். தொட்டால் பாம் என்று அடிக்கும். வேண்டுமானால் வரைபடம் போட்டுக்கொள்ளலாம், பந்தயத்தின் நடுவே எந்தப் புண்ணியவான் குனிந்து பார்ப்பான்? டாங்கி காங் ட்ராபிகல் ஃப்ரீஸ் இன்னும் ஒரு படி மேல், டிவியில் ஆடினால் கேம்பேட் திரை கறுத்துவிடும். விலையில் ஒரு பெரிய பங்கைத் தின்ற திரையைச் சொந்தக் கம்பெனியே அணைத்துவைத்து ஆட்டம் போட்டது, 2014-ல், பெட்டி வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகாத நேரத்தில்.

கடைசி ஆணி ஸெல்டா. ப்ரெத் ஆஃப் தி வைல்டை 2014 கடைசியில் காட்டியபோது கேம்பேடில் வரைபடம் விரித்து, தொட்டுக் குறி வைத்து எல்லாம் ஆடிக் காட்டினார்கள். 2017 மார்ச்சில் கைக்கு வந்தபோது அது ஒன்றும் இல்லை. டிவியில் ஆடினால் கேம்பேட் சும்மா கிடக்கும். டிவிக்கும் கைக்கும் மாறி மாறிப் பார்ப்பது கவனத்தைக் கலைக்கிறது என்று அதன் தயாரிப்பாளர் ஆவோனுமாவே காரணம் சொன்னார். ஸ்விட்சுக்கும் சேர்த்துச் செய்ததால் தூக்கினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, அதிலும் நியாயம் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அந்தத் திரையை உருவாக்கிய வீட்டிலிருந்தே வந்த வாக்குமூலம் இது.

நாற்பதுபிளஸ்

யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. டிவிக்குக் கண்ணாடி வேண்டாம், கேம்பேடுக்கு வேண்டும். மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, மேலே பார்க்கும்போது கண்ணாடிக்கு மேலாகவும் கீழே பார்க்கும்போது கண்ணாடி வழியாகவும் ஸ்ப்ளட்டூன் ஆடியவன் நான். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுகிற மாதிரி இருந்திருக்கும், ஆனால் மை தெளித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ப்ளட்டூனில் கேம்பேட் வரைபடம் நன்றாகவே பயன்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாளியின் படத்தைத் தொட்டால் அவன் இருக்கிற இடத்துக்கு ஒரே தாவு. யார் எங்கே சாயம் பூசுகிறார்கள் என்று ஓடிக்கொண்டே ஒரு நொடி குனிந்து பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் பாகத்தில் வரைபடத்துக்குப் பட்டனை அழுத்த வேண்டும், அது டிவியையே மறைக்கும். எனக்குப் பழையதுதான் பிடித்தது, கண்ணாடி சகிதமாக.

மொட்டைமாடி

எங்கள் வீட்டில் டிவி ஒன்று, அதற்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் ஐந்து பேர். வீ யூவின் பெருமை என்னவென்று கேட்டால் டிவி இல்லாமல் ஆடலாம் என்பதுதான். அப்பா செய்தி பார்ப்பார், நான் அதே கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு விண்ட் வேக்கர் ஆடுவேன். யாருக்கும் சண்டை இல்லை. கேம்பேடில் டிவி பட்டன் ஒன்று உண்டு, பெட்டி அணைந்திருந்தாலும் டிவியின் சத்தத்தைக் குறைக்கலாம், அந்த அதிகாரத்தை அவ்வப்போது துஷ்பிரயோகம் செய்ததும் உண்டு.

ஆனால் தூரம்! எட்டு மீட்டர் என்பார்கள், அது நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால். நம் வீடுகள் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு சுவரைத் தாண்டவே முக்கும், இரண்டாவது சுவரில் படம் உறைந்துவிடும். படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்து, நிலைப்படி ஓரமாகக் காலை நீட்டிப் படுத்தால் வரும். எனக்கு அந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த பெட்டி என்பதால் இன்னொரு கூத்து. அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. கேம்பேட் சார்ஜர் தனி, அதுவும் 120. ஒன்றுக்கு இரண்டாக வோல்டேஜ் குறைக்கிற டப்பா வேண்டும். மாமாவுக்கு இது தெரியாது, நல்லவேளை நான் செருகுவதற்கு முன்னால் பின்பக்க எழுத்தைப் படித்தேன்.

கட்டைவிரல் சொல்கிற கணக்கில் இதையும் சேருங்கள். டிவி இல்லாமல் ஆடும்போது எனக்கு ஒரே திரைதான். அந்தப் பக்கம் அப்பாவுக்கு ஒரு திரை. இரண்டு பேருக்கு இரண்டு திரை!

அரைடிக்கெட்

உங்கள் அப்பாவும் மல்டிபிளேயர்தான் ஆடியிருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

சாம்பல்நரி

மொட்டைமாடி சொல்வது அப்படியே ஸ்விட்ச், அதை டிவி இல்லாமல் கையிலேயே வைத்து ஆடலாம். இதற்காக டிவியில் செருகுகிற பெட்டி எதற்கு?

நான் ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோவுக்காகவும் வாதாடுவேன், கல்லெறிகிறவர்கள் எறியலாம். 2016. டிவியில் விமானம் வெளியிலிருந்து தெரியும், கேம்பேடில் விமானி இருக்கையிலிருந்து தெரியும். பறப்பது டிவியைப் பார்த்து, குறி வைப்பது கேம்பேடை அசைத்து. முதல் சில மணி நேரம் நரகம், ஒப்புக்கொள்கிறேன். இடது கை ஒன்று செய்கிறது, கண் வேறெங்கோ போகிறது, தலை ஆடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் பிடிபட்டபின், விமானம் ஒரு திசையில் போய்க்கொண்டிருக்க, வேறு திசையில் இருக்கிறவனைப் பார்த்துச் சுட்டு வீழ்த்துகிற சுகம் வேறு எந்த ஆட்டத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. பியானோ வாசிக்கிறவனுக்கு இரண்டு கையும் தனித்தனியாகப் பழகுகிறதே, அவனிடம் போய் "ஒரு கை வீண்" என்று யாரும் சொல்வதில்லை.

வன்பொருள்வாசு

சாம்பல்நரி, அந்தச் சுகத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். இரண்டு திரையிலும் வேறு வேறு காட்சி, இரண்டும் நொடிக்கு 60 படம் என்று வைத்தார்கள். அதாவது பெட்டி ஒரே உலகத்தை இரண்டு முறை வரைய வேண்டும். மூன்று கோர், 1.24 கிகாஹெர்ட்ஸ் பவர்பிசி சிப். 2 ஜிபி நினைவகம், அதிலும் 1 ஜிபி சிஸ்டத்துக்கே போய்விடும். ஒரு வருஷம் கழித்து வந்த பிஎஸ்4-ல் 8 ஜிபி. இருக்கிற கொஞ்சப் பலத்தையும் இரண்டாகப் பிரித்தால் டிவியில் தெரிகிற படம் ஏழையாகத்தான் இருக்கும், இருந்தது.

பணக் கணக்கும் அதேதான். 8 ஜிபி வெள்ளைப் பெட்டி 300 டாலர், 32 ஜிபி கறுப்பு 350. அந்த விலைக்கே நஷ்டத்துக்குத்தான் விற்றார்கள், கூட ஒரு கேம் வாங்கினால்தான் லாபம் என்று அவர்களே சொன்னார்கள். கேம்பேடுக்குப் போன காசைச் சிப்பில் போட்டிருந்தால் வெளிக் கம்பெனிகளின் ஆட்டங்கள் ஓடியிருக்கும். கேம்பேடை எடுத்துவிட்டு விலையைக் குறைத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அமைப்பு மெனு, தொடக்க வேலைகள் எல்லாம் அதை நம்பித்தான் இருந்தன. மாட்டிக்கொண்டார்கள். 2014 ஜனவரியில், அந்த நிதியாண்டுக்கு 90 லட்சம் விற்கும் என்று போட்டிருந்த கணக்கை 28 லட்சமாகக் குறைத்தார்கள், தலைவர் இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். இன்றைக்கு எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள் என்பது வேறு கதை.

அந்த வருஷ ஈ3 கேம் கண்காட்சியில் நின்டெண்டோவின் ஆட்ட வடிவமைப்பாளர் மியாமோட்டோ கேம்பேடுக்காகவே இரண்டு சோதனை ஆட்டங்களைக் காட்டினார். ஒன்று ராட்சத ரோபோ, இன்னொன்று பல கேமராக்களை ஒரே நேரத்தில் கண்காணிக்கிற காவல் வேலை. ரோபோ வெளிவரவே இல்லை. காவல் ஆட்டம் ஸ்டார் ஃபாக்ஸ் கார்டாக வந்தது. பெட்டி விற்பனைக்கு வந்து ஒன்றரை வருஷம் கழித்து "இந்தத் திரை எதற்கு" என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றால், முதலிலேயே பதில் கையில் இல்லை என்றுதானே பொருள்?

கோடுகிறுக்கி

எல்லோரும் "திரை திரை" என்கிறீர்கள், "தொடு"வை மறந்துவிட்டீர்கள். வன்பொருள்வாசு பழைய வகைத் தொடுதிரை என்று இளக்காரமாகச் சொன்னதுதான் எனக்கு அந்தப் பெட்டியிலேயே பிடித்த பகுதி. அழுத்தத்தில் வேலை செய்கிற திரை என்பதால் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி போதும், நுனி எங்கே படுகிறதோ அங்கே கோடு விழும். கையை ஊன்றிக்கொள்வதில்தான் கவனம் வேண்டும். ஐபேடில் அப்போது கொழுத்த ரப்பர் முனைப் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருந்தோம், கோடு எங்கே விழும் என்று கோட்டுக்கே தெரியாது.

வீ யூவின் பதிவுத் தளமான மீவெர்ஸ் நினைவிருக்கிறதா? கறுப்பு வெள்ளையில், சின்னச் செவ்வகத்துக்குள், கையெழுத்தாகவோ படமாகவோ பதிவு போடலாம். கணினியில் வரைந்து ஏற்ற வழியில்லை, எல்லோருக்கும் அதே குச்சி, அதே திரை. அந்த வசதிக்குள் ஜனங்கள் வரைந்த படங்களைப் பார்த்தால் வாயடைத்துப் போவோம். புள்ளி புள்ளியாக நிழல் வைத்திருப்பார்கள். ஸ்ப்ளட்டூன் சதுக்கத்தில் அந்தப் படங்கள் சுவரெழுத்தாகத் தெரியும். நான் வரைந்த இஞ்சிமொரப்பா சாப்பிடுகிற கணவாய் ஒருநாள் யாரோ ஒருவரின் தலைக்கு மேல் மிதந்தது, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், சண்டைக்குப் போகவில்லை. 2017 நவம்பரில் அதை மூடினார்கள்.

அப்புறம் மரியோ மேடைகளை நாமே கட்டுகிற மரியோ மேக்கர், 2015. கட்டைவிரல் அண்ணா இதைச் சொல்லாமல் நைசாக நழுவுகிறார். குச்சியால் கட்டங்களை இழுத்து வைக்கிறோம். கூம்பா என்ற எதிரியின் மேல் காளானை இழுத்துப் போட்டால் கூம்பா பெருக்கும். பச்சை ஆமையைப் பிடித்து உலுக்கினால் சிவப்பாகும். யாரும் சொல்லித்தர வேண்டாம், கை தானாகச் செய்து பார்க்கும். ஒரு பள்ளத்தை ஒரு கட்டம் அகலமாக்கினால் தாவ முடியுமா என்று சந்தேகம் வந்தால் உடனே ஓட்டிப் பார்க்கலாம், முடியவில்லையென்றால் திரும்ப வந்து ஒரு கட்டத்தைக் குச்சியால் தட்டினால் போயிற்று. பட்டனை வைத்துக்கொண்டு இந்த வேகம் வராது. ஸ்விட்சில் வந்த இரண்டாவது மேக்கரில் டிவியில் மாட்டி மேடை கட்டிப் பாருங்கள், பட்டனால் ஒவ்வொரு கட்டமாக நகர்த்துவதற்குள் யோசனையே மறந்துபோகும். அதை டிவியோடு இணைக்கிற டாக்கிலிருந்து உருவிக் கையில் எடுத்து விரலால்தான் கட்டினேன். விரல் தடிமன், குச்சி மெலிவு, அதில்கூடப் பழையதே மேல்.

பிரௌசரையும் விட்டுவிட்டீர்கள். கேம்பேடில் வீடியோவைத் தேடிக்கொண்டிருக்கும்போது டிவியில் திரைச்சீலையை இழுத்து மூடலாம். தேடி எடுத்தபின் பட்டனை அழுத்தினால் திரை விலகி வீடியோ வரும். இப்படி ஒரு நாடகத்தனம் வேறு எந்தப் பெட்டிக்காவது தோன்றியதா?

கட்டைவிரல்

நழுவவில்லை கோடுகிறுக்கி, காத்திருந்தேன்! மேக்கரில் நீங்கள் மேடை கட்டும்போது டிவியில் என்ன தெரிகிறது? கேம்பேடில் தெரிகிற அதே படம். கட்டுகிற அத்தனை மணி நேரமும் டிவி பக்கம் நீங்கள் திரும்பியிருக்க மாட்டீர்கள். வீ யூவின் ஆகச் சிறந்த தொடுதிரை ஆட்டத்தில் டிவிதான் வீண். அதனால்தான் அடுத்த வருஷமே கையடக்க 3டிஎஸ்ஸில் அதைக் கொண்டுவர முடிந்தது. தொடுவது அருமை என்பதில் எனக்குச் சண்டையே இல்லை, ஒருவருக்கு ஒரு திரை போதும் என்பதில்தான்.

அந்தத் திரைச்சீலை விஷயம் மட்டும் என் பக்கம் பேசுகிறது பாருங்கள். எனக்குத் தெரிந்ததை அறையில் இருக்கிற மற்றவர்களிடமிருந்து மறைத்துவைத்து, அப்புறம் காட்டுவது. ரெண்டாம்பிளேயர் சொன்ன ரகசியம்தான் அது.

இந்த யோசனை அவர்களிடம் 2003-லிருந்தே இருந்தது. கேம்கியூப் என்ற பழைய பெட்டியில் பேக்-மேன் வெர்சஸ் என்று ஒன்று. கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியை வயரில் மாட்டி அதை வைத்திருக்கிறவர் பேக்-மேன், அவருக்கு முழு மைதானமும் தெரியும். டிவியைப் பார்க்கிற மூன்று பேரும் பேய்கள், தங்களைச் சுற்றிக் கொஞ்சம்தான் தெரியும். பேக்-மேனைப் பிடித்தவர் அடுத்த சுற்றுக்குப் பேக்-மேன். மியாமோட்டோ செய்தது. வீ யூ வரும்போது வயர்கூட வேண்டாம் என்று ஆகிவிட்டது, பெட்டிக்கே ஒரு திரை கூட வருகிறது. ஆன்லைன் கூட்டத்தைப் பிடிக்க எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தால் வருஷத்துக்கு இரண்டு ஆட்டமாவது வந்திருக்கும். விற்றிருக்குமா என்றால், இவ்வளவு மோசமாக விற்றிருக்காது என்று சொல்வேன்.

ரெண்டாம்பிளேயர்

விற்றிருக்காது அண்ணா. நான் மேலே சொன்னதுதான். கடையில் தனியாக நின்று பார்க்கிற ஆளுக்கு மரியோ சேஸ் என்னவென்று புரியவே புரியாது. வீ வந்தபோது ரிமோட்டை வீசினால் டென்னிஸ், தெருவில் போகிறவருக்கும் ஒரு நொடியில் புரிந்தது. இதைப் புரிய வைக்க ஐந்து பேரும் ஒரு மாலையும் வேண்டும். விளம்பரத்தில் கேம்பேடை மட்டும் காட்டியதில், பழைய வீக்கு ஏதோ பலகை விற்கிறார்கள் என்றே பாதிப்பேர் நினைத்தார்கள்.

புதுவரவு_22

எல்லாம் படித்தேன், ஆசை வந்துவிட்டது. பழைய பொருள் விற்கிற இடத்தில் ஒன்று பார்த்தேன், விலை மலிவு, ஆனால் கேம்பேட் இல்லையாம். கேம்பேட் அப்புறம் தேடிக்கொள்ளலாமா? மரியோ சேஸுக்கு எத்தனை ரிமோட் வேண்டும்?

வன்பொருள்வாசு

கேம்பேட் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். அது இல்லாமல் அமைப்பு வேலையே செய்ய முடியாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கேம்பேடைக் கடையில் தனியாக விற்றதில்லை, அதனால் இப்போது கேம்பேட் மட்டும் கேட்டால் பெட்டி விலை சொல்வார்கள். ஜப்பானில் தனியாக விற்றது, ஆனால் வட்டாரம் மாறினால் இணைப்பதில் தகராறு.

சேர்த்து வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். குச்சியால் திரையின் நான்கு மூலையிலும் கோடு போடுங்கள், ஓரத்தில் விட்டுவிட்டு விழுந்தால் விலகுங்கள். பின்பக்க மூடியைக் கழற்றி பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த நாட்டுப் பெட்டி என்று கேளுங்கள், ஆட்ட வட்டும் அதே வட்டாரம்தான் ஓடும். அடாப்டர் வோல்டேஜ் பற்றி மொட்டைமாடி சொன்னது இரண்டு அடாப்டருக்கும் பொருந்தும்.

ரெண்டாம்பிளேயர்

ஓடுகிறவருக்குக் கேம்பேட், துரத்துகிறவர்களுக்கு ஆளுக்கொரு வீ ரிமோட், அதிகபட்சம் நான்கு. பழைய வீ ரிமோட் கிடைத்தாலே போதும், ஆனால் நின்டெண்டோ லேண்டில் வேறு சில ஆட்டங்களுக்கு மோஷன் பிளஸ் (அசைவை இன்னும் துல்லியமாக அறிகிற வசதி) உள்ளது கேட்கும், ஆகவே அதையே பார்த்து வாங்குங்கள். இரண்டு பேர் மட்டும் இருந்தாலும் ஆடலாம், கூட இரண்டு யோஷி வண்டிகளைப் பெட்டியே ஓட்டும், ஆனால் அவை கத்தாது.